வாசலில் கொஞ்ச நேரம், வழியில் அரை நாள்: வன்னியில் வாக்களிக்கக் காத்திருப்பது பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு, இலங்கையின் வடக்கே உள்ள வன்னித் தேர்தல் மாவட்டத்தில் பதிவாகியிருந்த வாக்காளர்கள் 306,081 பேர். வவுனியாவில் 128,585, மன்னாரில் 90,607, முல்லைத்தீவில் 86,889. இவர்களுக்காக 387 வாக்களிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. சராசரியாகப் பார்த்தால் ஒரு நிலையத்துக்கு 790 பேரளவில் வருகிறது. நாடு முழுவதற்கும் அதே கணக்கைப் போட்டால் 17,140,354 வாக்காளர்களுக்கு 13,400க்குச் சற்று மேற்பட்ட நிலையங்கள், அதாவது ஒன்றுக்கு ஏறத்தாழ 1,280 பேர்.

இந்த எண்களை மட்டும் வைத்துப் பேசினால் வன்னி வாக்காளருக்குக் குறை சொல்ல இடமில்லை. கொழும்பிலோ கம்பஹாவிலோ நிற்கிற வரிசையை விட இங்கே வரிசை சின்னது. தேர்தல் நாளில் வெளியூரிலிருந்து வந்து பார்க்கிறவர்களும் அநேகமாக இதைத்தான் எழுதுவார்கள்: அமைதியான வாக்களிப்பு, நெரிசல் இல்லை, பத்து மணிக்கே வகுப்பறை வாசல் வெறிச்சோடிவிட்டது.

நான் சொல்ல வருவது வேறு. வன்னியில் வாக்களிக்கக் காத்திருக்கிற நேரத்தைப் பள்ளிக்கூட வாசலில் நின்று அளக்கக்கூடாது. வீட்டுப் படலையைத் திறந்த நேரத்திலிருந்து அளக்க வேண்டும். அப்படி அளந்தால் படம் தலைகீழாக மாறுகிறது.

நிலப்பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 6,580 சதுர கிலோமீற்றர். இலங்கையின் மொத்தப் பரப்பில் இது பத்தில் ஒரு பங்கு. ஆனால் நாட்டின் வாக்காளர்களில் இங்கே இருப்பது இரண்டு வீதத்துக்கும் குறைவு. நாடளாவிய சராசரியில் ஒவ்வோர் 5 சதுர கிலோமீற்றருக்கும் ஒரு வாக்களிப்பு நிலையம் இருக்கிறது. வன்னியில் 17 சதுர கிலோமீற்றருக்கு ஒன்று, முல்லைத்தீவை மட்டும் எடுத்தால் 19க்கு ஒன்று. அந்த 19இல் பாதி காடும் குளமும்தானே என்று யாரும் சொல்லலாம். உண்மைதான். ஆனால் காட்டையும் குளத்தையும் சுற்றித்தான் ஆட்கள் நடந்து வருகிறார்கள்.

நிலையத்துக்குள் என்ன நடக்கிறது

முதலில் வரிசையையே பார்ப்போம். அதன் கணக்கு தெரியாமல் மற்றதைப் பேச முடியாது.

இலங்கையில் மின்னணு இயந்திரம் கிடையாது. கடதாசி, எழுதுகோல், பெட்டி. வாக்காளர் உள்ளே வந்ததும் அடையாள அட்டை பார்க்கப்படும். தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், முதியோர் அட்டை என்று ஏதாவது ஒன்று போதும். வீட்டுக்கு வந்த வாக்காளர் அட்டை கட்டாயமில்லை, ஆனால் அது கையில் இருந்தால் பதிவேட்டில் இலக்கத்தைச் சட்டென்று பிடித்துவிடலாம். பிறகு பெயரையும் இலக்கத்தையும் சத்தமாக வாசிப்பார்கள். கட்சிகளின் முகவர்கள் தங்கள் பிரதியில் கோடு போடுவார்கள். விரலில் மை. அடுத்து முத்திரை குத்திய வாக்குச்சீட்டு. மறைப்புக்குள் போய் அடையாளம் இட்டு, மடித்து, பெட்டியில் போட்டால் முடிந்தது.

இதில் எந்த இடம் மெதுவாக நகர்கிறதோ அந்த இடம்தான் முழு வரிசையின் வேகத்தையும் தீர்மானிக்கும். ஒரு கணக்குக்கு, 800 வாக்காளர்கள் உள்ள ஒரு நிலையத்தை எடுப்போம். அதில் 600 பேர் வருகிறார்கள், அவர்களில் பாதிப்பேர் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வந்துவிடுகிறார்கள் என்று வைப்போம். மணிக்கு 100 பேர். மெதுவான இடத்தில் ஓர் ஆளுக்கு 30 செக்கன் போனால் மணிக்கு 120 பேரை அனுப்பலாம், வரிசை பெருகாது. அதே இடத்தில் 45 செக்கன் போனால் மணிக்கு 80 பேர்தான். ஒவ்வொரு மணிக்கும் 20 பேர் தேங்குவார்கள். 10 மணிக்கு வாலில் வந்து சேருகிறவருக்கு முன்னால் 60 பேர் நிற்பார்கள், அவர் 45 நிமிடம் நிற்க வேண்டும். ஓர் ஆளுக்கு வெறும் 15 செக்கன் கூடியதால் வந்த வினை இது.

அந்த 15 செக்கன் எங்கிருந்து வரும்? வாக்குச்சீட்டின் நீளத்திலிருந்து வரும். 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டு 26 அங்குலம். 2024இல் சீட்டில் 39 பெயர்கள், 27 அங்குலம். ஒருவர் இடையில் இறந்துபோனார், ஆனால் பெயர் சீட்டில் இருந்தது. இவ்வளவு நீளமான தாளை விரித்து, தேடி, அடையாளம் இட்டு, மை பரவாமல் மடிக்க, கண்பார்வை மங்கிய ஒரு பெரியவருக்கு எவ்வளவு நேரம் போகும் என்று யோசியுங்கள். பாராளுமன்றத் தேர்தலில் அது இன்னும் கூடும். 2020 ஓகஸ்ட் 5இல் வன்னியில் ஆறு ஆசனங்களுக்கு 405 பேர் போட்டியிட்டார்கள். கட்சிக்குப் புள்ளடி போட்டபிறகு, விரும்பிய வேட்பாளர்களுக்கும் வாக்களிப்பதென்றால், கீழே போய் மூன்று வரை விருப்பு இலக்கங்களைத் தேட வேண்டும்.

தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு இது தெரியும். 2019இல் வாக்களிப்பு மாலை 5 மணி வரை நடந்தது. 2020இலும் 5 மணி வரைதான். கொரோனா காலம், ஒரு மீற்றர் இடைவெளி, முகக்கவசம், சொந்தப் பேனை கொண்டுவரச் சொன்னார்கள். 2024இல் சீட்டு இன்னும் நீண்டிருந்தும் நேரம் 4 மணிக்குத் திரும்பிவிட்டது. நகரத்தில் இருப்பவருக்கு அந்த ஒரு மணித்தியாலம் சின்ன விஷயம். காலையில் வயலுக்குப் போய்விட்டு மத்தியானத்துக்குப் பிறகு சைக்கிளில் வருகிற ஆளுக்கு அது முழு விஷயம்.

அமெரிக்காவில் 2012 தேர்தலில் சில மாநிலங்களில் மணிக்கணக்கில் ஆட்கள் நின்ற பிறகு, ஜனாதிபதி ஒபாமா நியமித்த குழு 2014 ஜனவரியில் ஓர் அறிக்கை கொடுத்தது. எந்த வாக்காளரும் அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்கக்கூடாது என்பது அதன் அளவுகோல். நல்ல அளவுகோல்தான், நமக்கும் அப்படி ஒன்று எழுத்தில் இருந்தால் நல்லது. ஆனால் அந்த அரை மணித்தியாலம் வரிசையின் வாலில்தான் தொடங்குகிறது. வன்னியின் கதை அந்த வாலுக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே முக்கால்வாசி நடந்துவிடும்.

2001 டிசம்பர் 5: திறக்காத சோதனைச்சாவடி

இந்த ஆய்வின் நடுவில் வைக்க வேண்டிய நாள் இதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று பாராளுமன்றத் தேர்தல். வன்னிப் பெருநிலத்தின் பெரும் பகுதி அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அங்கே வாக்களிப்பு நிலையம் வைக்க முடியாது என்பதால், எல்லைக்கு இந்தப் பக்கம், அரச கட்டுப்பாட்டுப் பகுதியில், பல நிலையங்களை ஓரிடத்தில் சேர்த்துக் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. மக்கள் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்து வாக்களித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். அதுதான் ஏற்பாடு.

வாக்களிப்பு நாளில் இராணுவம் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கடவைகளை மூடியது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அந்தப் பக்கம் இருந்த வாக்காளர்கள் கடக்க முடியவில்லை. நேரம் முடிந்தது. கொத்தணி நிலையங்களில் பெட்டி இருந்தது, சீட்டு இருந்தது, அலுவலர்கள் இருந்தார்கள். வர வேண்டிய ஆட்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அன்று அந்த நிலையங்களின் வாசலில் நின்று யாராவது காத்திருப்பு நேரத்தை அளந்திருந்தால் பூச்சியம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

வாக்காளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் அவர்களுடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2003இல் வெளியான தீர்ப்பில் சொன்னது. சட்டத்தின்முன் சமத்துவம் என்ற 12(1) உறுப்புரையும், பேச்சு மற்றும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் என்ற 14(1)(அ) உறுப்புரையும் அடிப்படையாயின. வாக்களிப்பதும் கருத்து வெளிப்பாடுதான் என்ற நிலைப்பாட்டை அதே நீதிமன்றம் 1999இல் இன்னொரு வழக்கில் ஏற்கனவே எடுத்திருந்தது. அந்த வழக்குக்குப் பிறகு வருகிறேன், அதற்கும் வன்னிக்கும் இன்றைக்கும் தொடர்பு இருக்கிறது.

தீர்ப்பு கிடைத்தது. போன வாக்கு திரும்பவில்லை. ஆனால் ஒரு விஷயம் சட்டப் பதிவில் ஏறிவிட்டது: வாக்காளர் நிலையத்துக்கு வந்து சேர முடியாமல் செய்வதும் வாக்கைப் பறிப்பதுதான். நிலையத்தைத் திறந்து வைத்தோம், அவர்கள் வரவில்லை என்று அரசு கையைக் கழுவ முடியாது. வன்னியில் காத்திருப்பைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் ஊர் மேடைகளில் இது எவ்வளவு அரிதாகப் பேசப்படுகிறது என்பது எனக்கு வருத்தம்.

போர்நிறுத்தத்துக்குப் பிறகு, 2004 ஏப்ரல் 2இல், நிலைமை மாறியது. ஓமந்தை, முகமாலைப் பக்கங்களில் அமைக்கப்பட்ட கொத்தணி நிலையங்களுக்கு மக்கள் கடந்து வந்து வாக்களித்தார்கள். அன்றைய வரிசை நீளமானது. வெயிலில் நின்ற வரிசைதான், ஆனாலும் நகர்கிற வரிசை.

2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில் காரணம் வேறு. வன்னியை ஆண்ட புலிகள் புறக்கணிப்பை வைத்தார்கள். கிளிநொச்சி நிர்வாகத்தில் தனி மாவட்டம், நிலத்தால் வன்னி, தேர்தலுக்கோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு தொகுதி. அந்தத் தொகுதி முழுவதிலும் அன்று பதிவானது ஒரே ஒரு வாக்கு. நாடளாவிய வெற்றி வித்தியாசம் 180,000க்குச் சற்று மேல். தடுப்பு எந்தப் பக்கத்திலிருந்து போடப்பட்டாலும் வாக்காளருக்கு ஒன்றுதான். இராணுவம் மூடிய கடவையைக் கண்டிக்கிற நாம் புலிகள் மூடிய கடவையையும் அதே குரலில்தான் சொல்ல வேண்டும்.

2010: வராத பஸ்

2010 ஜனவரி 26. போர் முடிந்து எட்டு மாதம். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இன்னும் பெருந்தொகையானவர்கள் இருந்தார்கள். வேறு பலர் உறவினர் வீடுகளிலும் அரைகுறை மீள்குடியேற்றத்திலும். பெயர் ஒரு கிராமத்தில், ஆள் இன்னொரு மாவட்டத்தில். அடையாள அட்டை, கடைசிச் சண்டை நடந்த மாத்தளனிலோ முள்ளிவாய்க்காலிலோ கடலோடு போய்விட்டது.

கொத்தணி நிலையங்களுக்கு ஏற்றிச்செல்ல வாகன ஏற்பாடு போதவில்லை. விடிய எழும்பி வெளிக்கிட்டு நின்றவர்களில் ஒரு பகுதியினருக்கு வாகனம் வரவில்லை, வந்தவர்களுக்கும் பிந்தி வந்தது. இதைக் கண்காணிப்பாளர்களும் அப்போதே பதிந்தார்கள். அன்று வன்னித் தேர்தல் மாவட்டத்தின் வாக்களிப்பு 40 வீதமளவில் நின்றது. நாடு முழுவதும் 74 வீதத்துக்கு மேல். இந்த 34 புள்ளி வித்தியாசத்தை வன்னி மக்களின் அக்கறையின்மை என்று எழுதியவர்களும் உண்டு. அது அநியாயம். மனம் சோர்ந்து போகாமல் விட்டவர்கள் இருந்திருப்பார்கள், அந்த ஆண்டில் யார்தான் சோராமல் இருந்தார்கள்? ஆனால் முகாம் வாசலில் வாகனத்துக்கு நின்றவரையும் வீட்டில் படுத்திருந்தவரையும் ஒரே எண்ணுக்குள் போட்டு முடிவு சொல்லக்கூடாது. வாக்களிப்பு வீதத்துக்குப் பின்னால் காத்திருந்து திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை என்று ஒரு நிரல் இருந்திருந்தால் அன்றைய கதை வேறுமாதிரி எழுதப்பட்டிருக்கும்.

2019: தந்திரிமலைச் சந்தியில் இருட்டோடு

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார் மாவட்டத்திலிருந்து போனவர்களில் பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் தங்கினார்கள். அவர்களில் பலருடைய பெயர் இன்னும் மன்னார் பதிவேட்டிலேயே இருக்கிறது. பிறந்த ஊரின் உரிமையை விடாமல் பிடித்திருப்பதற்கு அவர்களிடம் மிஞ்சியிருந்த வழி அது. இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் பழைய இடத்திலேயே வாக்காளராகப் பதிய 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் இடம் கொடுத்தது.

2019 நவம்பர் 16 அதிகாலை, நூற்றுக்கும் மேற்பட்ட பேருந்துகள் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்காளர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. அநுராதபுரம் மாவட்டத்துத் தந்திரிமலையில் சிலர் வீதியின் குறுக்கே டயர் எரித்துத் தடுத்து, பேருந்துகள்மீது துப்பாக்கியால் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பொலிஸார் தடையை அகற்றிப் பாதுகாப்பு கொடுத்து வண்டிகளை அனுப்பினார்கள். அந்த மக்கள் திரும்பி ஓடவில்லை. மன்னாருக்கு வந்து வாக்களித்தார்கள்.

இங்கே காத்திருப்பை எப்படி அளப்பது? நித்திரை விட்டு எழும்பிய நேரத்திலிருந்தா? நூறு கிலோமீற்றருக்கும் மேலான பாதையையா? இருட்டில் வண்டிக்குள் குனிந்து, பிள்ளையை மடியில் அமுக்கி வைத்திருந்த நேரத்தையா? வாக்களிப்பு நிலைய வாசலில் அவர்கள் நின்றது சில நிமிடங்களாக இருக்கலாம். பதிவேட்டில் விழுவது ஒரு கோடு, விரலில் ஒரு புள்ளி மை.

இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அந்தப் பயணத்துக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பேருந்துகளைப் பயன்படுத்தியதில் அரச பணம் தவறாகச் செலவானது என்று விசாரணை நடந்து, 2020 ஒக்டோபரில் முன்னாள் அமைச்சர் ஒருவர் கைதானார். அந்த வழக்கின் சரிபிழைக்குள் நான் போகவில்லை. என் கேள்வி ஒன்றுதான்: 30 ஆண்டுகளாக ஒரு சமூகம் தேர்தலுக்குத் தேர்தல் நூறு கிலோமீற்றர் பயணம் செய்கிறது என்று தெரிந்தும், அந்தப் பயணத்தைத் தன் பொறுப்பாக எடுத்து நடத்தும் நிலையான அரச ஏற்பாடு ஏன் இருக்கவில்லை? அப்படி ஒன்று இருந்திருந்தால் அரசியல்வாதி பஸ் பிடிக்க வேண்டிய தேவையே வந்திராது.

போர் இல்லாத நாளிலும்

சரி, இப்போது சாவடி இல்லை, முகாம் இல்லை. 2024இல் செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல், மூன்றும் அமைதியாக முடிந்தன. பிறகு என்ன குறை?

தூரம் இருக்கிறது. கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, நெடுங்கேணியின் உட்கிராமங்கள், துணுக்காய், மாந்தை கிழக்கு, மடுப் பக்கம். இங்கெல்லாம் ஒரு நாளில் போகிற பஸ்களைக் கையில் எண்ணலாம். தேர்தல் நாளில் அதுவும் குறையும், ஏனென்றால் பஸ்களில் ஒரு பங்கு வாக்குப்பெட்டி வேலைக்குப் போய்விடும். வேட்பாளரோ கட்சியோ வாக்காளரை ஏற்றி வருவது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் நியாயமானது, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கட்சி ஏற்றக்கூடாது, அரசும் ஏற்றாது என்றால் மிச்சம் சைக்கிளும் ஆட்டோவும் அயலவரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும்தான். கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு ஆட்டோக் காசு சும்மா வராது.

யானை இருக்கிறது. சனநெரிசல் இல்லாத அதிகாலையில் போய் வாக்களியுங்கள் என்று தொலைக்காட்சியில் அறிவுரை சொல்வார்கள். காட்டோரக் கிராமத்தில் ஐந்தரை மணிக்கு யாரும் அந்த வீதியில் தனியாக இறங்கமாட்டார்கள். வெயில் ஏறி ஆள் நடமாட்டம் வந்தபிறகுதான் வெளிக்கிடுவார்கள். அதனால் உட்கிராமத்தில் நெரிசல் நேரமே வேறு. கொழும்பில் போடுகிற திட்டம் இங்கே அப்படியே பொருந்தாது.

மழையும் விதைப்பும் இருக்கின்றன. 2019, 2024 இரண்டு நவம்பர் தேர்தல்களும் காலபோகத்துக்குள் விழுந்தவை. வடகீழ்ப் பருவமழை, சேற்று வீதி, வயலில் விட்டுவர முடியாத வேலை. இந்த நாட்களில் ஒரு மணித்தியாலம் வரிசை என்பது அரை நாள் கூலி.

கால் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வன்னியில் எந்த வாக்களிப்பு நிலையத்திலும் போரில் அவயவம் இழந்த ஒருவரையாவது காணாமல் இருக்க முடியாது. பொய்க்கால் போட்டவருக்கு 20 நிமிடம் நிற்பது மற்றவருக்கு 20 நிமிடம் நிற்பதைப் போன்றதல்ல. வெயிலில் வேர்வை ஊறி, பொருத்திய இடம் உரசிப் புண்ணாகும். 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, பார்வையற்றவரும் உடல் இயலாதவரும் ஓர் உதவியாளரைக் கூட்டிச் செல்லலாம். நல்ல சட்டம். ஆனால் அது மறைப்புக்குள் நடப்பதைத்தான் பார்க்கிறது. வகுப்பறைப் படியை எப்படி ஏறுவது, கதிரை இருக்கிறதா, முன்னால் விடுவார்களா என்பதெல்லாம் அந்தந்த நிலையத்துச் சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலரின் நல்ல மனதைப் பொறுத்தது. அநேகமானவர்கள் நல்ல மனதுக்காரர்கள்தான். வரிசையில் நிற்கிற சனமும் விட்டுக்கொடுக்கும். ஆனால் உரிமையை யாரோ ஒருவரின் இரக்கத்தில் தொங்கவிடக்கூடாது.

தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்களின் நேரத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். போருக்குப் பிந்திய வன்னியில் அப்படிப்பட்ட வீடுகள் மிக அதிகம். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, கூட்டிக்கொண்டே வர வேண்டும். வெளியூரில் வேலை செய்கிற மகளுக்குத் தேர்தலுக்கு லீவு கிடைத்ததா என்ற கவலை வேறு. சட்டப்படி தொழில் கொடுப்பவர் குறைந்தது நான்கு மணித்தியாலம் சம்பளத்தோடு விட வேண்டும். தூரத்தைப் பொறுத்து அது கூடும்: 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். கொழும்பில் வேலை செய்கிற முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இரண்டு நாள் உரித்து உண்டு. தெரிந்து கேட்கிறவர்கள் எத்தனை பேர்? தினக்கூலிக்கு நிற்பவர் யாரிடம் போய்க் கேட்பது? முன்கூட்டியே வாக்களிக்கும் முறை பொதுமக்களுக்கு இங்கே இல்லை. தபால் வாக்கு அரச ஊழியர்களும் தேர்தல், அத்தியாவசியக் கடமையில் உள்ளவர்களும் என்று ஒரு வட்டத்தோடு நின்றுவிடுகிறது.

தொடங்காத வரிசை

1999 வழக்கைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1998இல் ஐந்து மாகாணசபைகளுக்கு நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. அந்த வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பில்தான், வாக்கு ஒரு கருத்து வெளிப்பாடு, தேர்தலைத் தள்ளிப்போடுவது அதை மீறுவது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஓகஸ்ட் 22இலும் அதே மாதிரி ஒரு தீர்ப்பு வந்தது. 2023இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று.

இவ்வளவும் இருக்க, வட மாகாணசபைக்கு மக்கள் வாக்களித்தது ஒரே ஒரு தடவை, 2013 செப்டெம்பர் 21இல். அதன் ஐந்து வருடம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025இலும் நடக்கவில்லை. 2013இல் முதல் வாக்குப் போட்ட 18 வயதுப் பிள்ளைக்கு 2025இல் 30 ஆனது. அவருடைய தங்கை தம்பிக்கு மாகாணசபை வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்றே தெரியாது. நிமிடக் கணக்கில் காத்திருப்பைப் பற்றி எழுதுகிற ஆய்வில் இதைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. கடவை மூடிய நாளும் தேர்தல் அறிவிக்கப்படாத ஆண்டும் வாக்காளரை ஒரே இடத்தில்தான் நிறுத்துகின்றன.

கேட்க வேண்டியவை

தேர்தல் நாளில் மாவட்டந்தோறும் மணிக்கணக்கு வைத்து வாக்களிப்பு வீதத்தை அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பில் காத்திருந்த நேரம் வருவதில்லை. ஒவ்வொரு மணிக்கும் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நிலைய அலுவலர் ஒருவர் ஒரு தாளில் எழுதினாலே போதும், நகர்கிற வேகம் சீட்டு கொடுத்த கணக்கிலிருந்து வந்துவிடும். இரண்டையும் வைத்துக் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடலாம். இதற்குப் புதிய இயந்திரமும் வேண்டாம், பணமும் வேண்டாம். கண்காணிப்பு அமைப்புகள் தங்கள் படிவத்தில் அந்த ஒரு நிரலை முதலில் சேர்க்கலாம், ஆணைக்குழு பிறகு எடுத்துக்கொள்ளும்.

அதைவிட முக்கியமானது தூரப் பட்டியல். ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும், வாக்களிப்பு நிலையத்திலிருந்து மிகத் தூரத்து வீடு எத்தனை கிலோமீற்றர், அங்கே பஸ் போகிறதா, மழையில் வீதி மூடுகிறதா என்று விதானையாருக்குத் தெரியும். மாவட்டச் செயலகங்கள் அதைத் திரட்டித் தேர்தலுக்கு முன்னால் வெளியிட்டால், எங்கே புதிய நிலையம் தேவை என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். 300 வாக்காளர்தானே என்று உட்கிராமத்து நிலையத்தை நகரத்தோடு சேர்க்கிற யோசனை செலவுக் கணக்கில் அழகாக இருக்கும். அப்படி ஒன்று வந்தால் அந்தந்தக் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் எழுத்தில் எதிர்க்க வேண்டும், 2003 தீர்ப்பைச் சுட்டிக்காட்டியே எதிர்க்கலாம்.

பஸ்ஸுக்கும் ஒரு கோரிக்கை. வாக்களிப்பு நாளில் உட்கிராமப் பாதைகளில் காலை ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, எந்தக் கட்சியின் கையும் படாத அரச பஸ், நேர அட்டவணை முதல் வாரமே சனசமூக நிலையப் பலகையில். புத்தளத்திலிருந்து வருகிற மக்களுக்கும் அதே மாதிரி, பொலிஸ் பாதுகாப்போடு, ஆணைக்குழுவின் பெயரில். பெரிய நீளச் சீட்டு வருகிற தேர்தல்களில் வாக்களிப்பு 5 மணி வரை. ஒவ்வொரு நிலையத்திலும் பத்துக் கதிரை, ஒரு தண்ணீர்ப் பானை, படிக்கு ஒரு சாய்பலகை. இவற்றைத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் மாவட்டத் தெரிவத்தாட்சி அலுவலர் கட்சிகளையும் அமைப்புகளையும் கூட்டுகிற கலந்துரையாடலில் வைக்க வேண்டும். தேர்தல் முடிந்து அறிக்கையில் எழுதினால் அது அடுத்த தேர்தல் வரை கோப்புக்குள் கிடக்கும்.